விரல் நுனிக்கு வளரத் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்லிக்கு வால் முளைப்பதுபோல மனிதனுக்கும் கை கால் முளைக்கும் நாள் வந்துகொண்டிருக்கிறது என்று சென்ற இதழில் வந்த அறிவியல் கட்டுரையைப் படித்தேன். உற்சாகமான எழுத்து. ஆனால் முக்கியமான ஒன்று விடுபட்டுப்போயிற்று. இழந்த பாகம் திரும்ப வளரும் திறன் மனித உடம்பில் ஓரிடத்தில் இப்போதே இருக்கிறது: விரல் நுனியில், நகம் உள்ள பகுதியில். வெட்டுப்பட்டதும் காப்பித்தூளை அப்பியும், அவசரப்பட்டுத் தையல் போட்டும் அதை நாமே கெடுத்துக்கொள்கிறோம். மரச்சிற்பப் பட்டறையும், ஆத்தங்குடிக் கல் வார்க்கும் கொட்டகையும், பலகாரம் போடும் வீடுகளும் நிறைந்த நம் செட்டிநாட்டில் இதைப் பலரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் பல்லியைப் பற்றி ஒரு திருத்தம். அறுந்துபோய் மறுபடி வளர்ந்த பல்லி வாலுக்குள் முள்ளெலும்புக் கோவை கிடையாது. ஒரு குருத்தெலும்புக் குழாய்தான் இருக்கும். எலும்பு, தசை, நரம்பு எல்லாம் பழையபடியே அமைந்து முழுக் காலையும் திரும்ப வளர்ப்பது சாலமாண்டர் இனம்; தவளையைப்போல நீரிலும் நிலத்திலும் வாழும், வால் உள்ள உயிர். அந்த இனத்தைச் சேர்ந்த நியூட்டின் காலை வெட்டிவிட்டு, வெட்டுவாயின் மேல் முழுத் தோலை இழுத்துத் தைத்துவிட்டால் கால் வளராது. வெறும் மேல்தோல் மட்டும் படர்ந்து மூடினால்தான் அதன் அடியில் வளரும் செல்கள் திரளும். இதை மனதில் வைத்துக்கொண்டு விரலுக்கு வருவோம்.

1974இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரக் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் சிந்தியா இல்லிங்வொர்த், கதவிடுக்கில் நசுங்கியும் அறுந்தும் வந்த பிள்ளைகளின் விரல்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். கடைசி மூட்டுக்கு அப்பால், நுனிப் பக்கம் அறுந்த விரலைத் தைக்காமல், தோல் எடுத்து ஒட்டாமல், சுத்தம் செய்து கட்டு மட்டும் போட்டுவந்தால் சுமார் 11, 12 வாரத்தில் நுனி உருண்டு திரண்டு நகத்தோடு வந்துவிடுகிறது என்று அவர் கண்டார். 1982இல் ரிச்சர்ட் போர்கன்ஸ் சுண்டெலியின் முன்னங்கால் விரலிலும் இதையே காட்டினார். எலியில் வெட்டு நுனி எலும்பின் கடைசிப் பகுதியோடு நின்றால் எலும்பே திரும்ப வருகிறது. அதற்கு முந்தைய எலும்பில் வெட்டினால் வடுதான் மிச்சம்.

காரணம் நகத்தில் இருக்கிறது. நகத்தின் அடிவேரில், வெண்பிறை தெரிகிற இடத்தை ஒட்டி, ஓயாமல் நகத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அங்கிருந்து புறப்படும் ‘வின்ட்’ என்ற சமிக்ஞைதான் நரம்பை வெட்டுவாய்க்கு இழுத்து, கீழேயுள்ள செல்களைப் பெருகச் சொல்கிறது என்று நியூயார்க்கில் மயூமி இட்டோவின் குழு 2013இல் எலிகளில் நிறுவியது. அந்தச் சமிக்ஞையை அடைத்தால் எலியின் விரல் வளரவில்லை. ஆகவே நகம் வேரோடு போய்விட்டால் வளர்ச்சியும் போயிற்று. திரளும் செல்கள் எதுவாகவும் மாறிவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எலும்புச் செல்லின் வழி எலும்பும், தோல் செல்லின் வழி தோலும்தான் வருகின்றன.

எலியில் எலும்பே திரும்புகிறது என்பதால் மனிதரிலும் அப்படியே என்று எண்ணிவிடக் கூடாது. நமக்கு இருக்கிற எலும்பின் மேல் சதை, தோல், நகம் திரும்புகின்றன. போன எலும்பு முழுதாக வரும் என்று நம்ப வேண்டாம். பிள்ளைகளுக்கு நன்றாக வருகிறது, பெரியவர்களுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனாலும் நல்ல நுனி பெரியவர்களுக்கும் கிடைக்கிறது. தென்னாப்பிரிக்காவில் மென்னன், வீசே என்ற மருத்துவர்கள் 1993இல் வெளியிட்ட அனுபவம் இதற்குச் சான்று. அவர்கள் வைத்தியத்துக்கு எடுத்துக்கொண்டது மிகச் சாதாரணப் பொருள். மருத்துவமனையில் டிரிப் ஏற்றும்போது ஊசி அசையாமலிருக்க மேலே கண்ணாடி மாதிரி ஒன்றை ஒட்டுவார்களே, அந்த ஒட்டுப்படலம்தான்.

அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மருத்துவர் காயத்தைக் கழுவி, எக்ஸ்ரேயில் எலும்பைப் பார்த்து, டெட்டனஸ் ஊசி போட்ட பிறகு, நுனிக்கும் படலத்துக்கும் நடுவில் சிறிது இடம் விட்டு விரலைச் சுற்றி ஒட்டுவார். அந்த இடத்தில் இரத்தமும் நிணநீரும் தேங்கும். தேங்கத்தான் வேண்டும், அந்த ஈரத்தில்தான் செல் நகர்ந்து வளரும். வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். நான்கைந்து நாளில் உள்ளே பழுப்பாகக் கூழ் சேர்ந்து மூக்கைப் பிடிக்கிற அளவுக்கு நாறும். பெரும்பாலானோர் தோற்பது இந்த இடத்தில்தான். ‘சீழ் வைத்துவிட்டது’ என்று பயந்து பிரித்து, டெட்டால் விட்டுத் தேய்த்து, காய்ந்த துணியைச் சுற்றிவிடுவார்கள். காய்ந்த துணி பச்சைச் சதையில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் பிரிக்கும்போது அன்றுவரை வளர்ந்ததெல்லாம் துணியோடு வந்துவிடும். நாற்றம் மட்டும் இருந்தால் பயமில்லை. வலி நாளுக்கு நாள் ஏறினால், சிவப்பும் வீக்கமும் விரலில் மேலேறினால், காய்ச்சல் வந்தால் அது வேறு; உடனே காட்ட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களும் புகைபிடிப்பவர்களும் ஆறுவதற்குக் கூடுதல் நாள் பிடிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டும்.

எல்லா விரலையும் இப்படி விட்டுவிட முடியாது. எலும்பு துருத்திக்கொண்டிருந்தால் அதைச் சற்றுக் குறைக்க வேண்டியிருக்கும். நகத்தின் அடிச்சதை கிழிந்திருந்தால் அதைத் தைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நகம் பிளந்து வளரும். எலும்பு அதிகம் போயிருந்தால் நகத்துக்குத் தாங்கல் இல்லாமல் கிளிமூக்குப்போல வளையும். சில மாதம் குளிரில் விண்விண் என்று தெறிக்கும். இவற்றையெல்லாம் எடைபோட்டு முடிவு செய்வது மருத்துவரின் வேலை. ‘தைக்காமல் கட்டு மட்டும் போட்டுப் பார்க்கலாமா?’ என்று கேட்பது நம் வேலை. தயங்காமல் கேளுங்கள்.

மருத்துவரிடம் போவதற்கு முந்தைய அரை மணி நேரம் நம் கையில் இருக்கிறது. ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். சிமெண்ட் பட்டிருந்தால் கூடுதலாகக் கழுவ வேண்டும், அதன் காரம் சதையை அரித்துக்கொண்டே இருக்கும். சுத்தமான துணியை வைத்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்து, பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்துதான். மோதிரத்தை வீங்குவதற்குமுன் கழற்றிவிடுங்கள். ரப்பர் பேண்டோ நூலோ இறுக்கிக் கட்டாதீர்கள். அதற்குக் கீழே இரத்தம் போகாது. காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். சுண்ணாம்பு சுட்டுவிடும். தூள் இரத்தத்தோடு கலந்து இறுகிப்போவதால் மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். வளரவேண்டிய பச்சைச் சதையும் கூடவே போகும்.

அறுந்த துண்டு கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். சிறு பிள்ளைகளுக்கு அதைத் திரும்ப வைத்துத் தைக்கும் வழி சில சமயம் உண்டு. தண்ணீரில் அலசி, சலைனிலோ சுத்தமான தண்ணீரிலோ நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, ஐஸும் தண்ணீரும் கலந்த தூக்குச்சட்டியில் அந்தப் பையை வையுங்கள். துண்டு நேராக ஐஸில் பட்டால் உறைந்து செத்துவிடும். பாலிலும் ஸ்பிரிட்டிலும் போடக் கூடாது.

சென்ற இதழ்க் கட்டுரையில் புகழ்ந்திருந்த, பன்றியின் சிறுநீர்ப்பையிலிருந்து செய்யும் பொடியைப் பற்றி ஒன்று. அமெரிக்காவில் ஒருவருக்கு அந்தப் பொடியால் விரல் நுனி வளர்ந்தது என்பது உலகமெங்கும் செய்தியானது உண்மை. பொடி இல்லாமலே அந்த இடம் வளரக்கூடியது என்பதால் பெருமை பொடிக்கா விரலுக்கா என்று அந்த ஒரு விரலை வைத்துச் சொல்ல முடியாது. கையில் ஒப்பிட இன்னொரு விரல் இல்லை.

நம்பிக்கை தரும் ஆராய்ச்சி இல்லாமலில்லை. மான் கடா தன் கொம்பை உதிர்த்துவிட்டு எலும்பு, தோல், இரத்தக் குழாய் எல்லாவற்றோடும் புதிதாக வளர்க்கிறது. நெற்றி எலும்பின் மேலுள்ள ஒரு சிறு சவ்வுதான் அதற்கு மூலம். அதை எடுத்து அந்த மானின் காலில் பதித்தால் காலில் கொம்பு முளைக்கிறது! முயலின் காதில் போட்ட துளை முழுதாக மூடிக்கொள்கிறது, எலிக்கு மூடுவதில்லை. வைட்டமின் ஏ-யிலிருந்து ரெட்டினாயிக் அமிலத்தை உண்டாக்கும் ஒரு மரபணு எலியின் காயத்தில் சரியாக வேலை செய்யாததே காரணம் என்று 2025இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்காக யாரும் வைட்டமின் ஏ மாத்திரையை விழுங்க வேண்டாம். மிஞ்சினால் ஈரலைக் கெடுக்கும். கை முளைப்பதற்கும் இதற்கும் இன்னும் தூரம் அதிகம்.

கடைசியாக, கதவு. இல்லிங்வொர்த் பார்த்த விரல்கள் கதவிடுக்கில் சிக்கியவை. நடுவில் முற்றம் வைத்த நம் வளவு வீடுகளின் தேக்குக் கதவு ஒரு ஆள் தள்ளினால்தான் நகரும் கனம். கீலுக்குப் பதில் குடுமி என்ற முளையில் சுழலும் கதவு திறந்திருக்கும்போது குடுமிப் பக்கம் நிலைச்சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே ஒரு பிள்ளை விரல் நுழையும் சந்து விழும். சாத்தும்போது அந்தச் சந்து பாக்குவெட்டிபோல மூடும். வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடு, முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும், அறுபதாம் கல்யாணச் சாந்திக்கும், கல்யாணத்துக்கும் திறக்கும்போது பேரப்பிள்ளைகளால் நிறைந்துவிடும், கதவின் குணம் அறியாத பிள்ளைகள். வீட்டைத் திறந்து ஒட்டடை அடிக்கிற அன்றே ஒவ்வொரு கதவையும் முழுக்கத் திறந்து, அடியில் மர ஆப்பு வைத்து இறுக்கிவிடுங்கள். குடுமிப் பக்கச் சந்தில் பிள்ளை உயரத்துக்குத் தடித்த துணியைச் சுருட்டிச் செருகுங்கள். பந்தக்கால் நடுவதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
காரைக்குடி.