ஜன்னல் திறந்துதான் இருந்தது

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு, பதில் போட இன்றைக்குத்தான் கை ஒழிந்தது. அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. மாடிப்படி மட்டும் ஏற விடாதே.

முதலில் உன் மகள் கேட்டனுப்பிய கேள்வி. பைத்தானில், விண்டோ போட உதவுகிற டிகின்டர் நூலகத்தை வைத்து ஒரு விண்டோ போட்டாளாம், கல்லூரி லேபில் பைத்தானோடு கூட வருகிற ஐடில் எடிட்டரில் ஓட்டினால் நிற்கிறதாம், வீட்டில் கமாண்ட் பிராம்ப்டில் ஓட்டினால் மின்னல் மாதிரி வந்து மறைகிறதாம். கடைசி வரியில் மெயின்லூப் இருக்கிறதா என்று பார்க்கச் சொல், நிச்சயம் விட்டிருப்பாள். விண்டோவை உண்டாக்குவதோடு வேலை முடிந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம், ஆனால் அதற்கு யாராவது சேதி வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், மவுஸ் நகர்ந்தது, மேலே கிடந்த விண்டோ விலகியது, இந்த இடத்தைத் திரும்ப வரை என்று. அந்த வேலையைச் செய்வதுதான் லூப். அது இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் கடைசி வரியைத் தாண்டி முடிந்துபோகும், விண்டோவும் கூடவே போய்விடும். ஐடில் தன் லூப்பைக் கொஞ்சம் கடன் கொடுப்பதால்தான் லேபில் தப்பித்திருக்கிறாள்.

நாம் படித்தபோது விண்டோஸுக்கு இதையே சி மொழியில், சேதியை எடுக்க கெட்மெசேஜ், அதைக் கொண்டு சேர்க்க டிஸ்பேட்ச்மெசேஜ் என்று கையால் எழுதினோம், ஞாபகமிருக்கிறதா? வெறும் வெள்ளை விண்டோ வர அறுபது எழுபது வரி. விண்டோவைக் காட்டச் சொல்கிற ஷோவிண்டோவுக்கு அடுத்த வரியில் அப்டேட்விண்டோ எதற்கென்று வாத்தியாரிடம் கேட்டோம், "புத்தகத்தில் இருக்கிறது, எழுது" என்றார். விண்டோவை வரையச் சொல்கிற பெயிண்ட் சேதி வரிசையில் ஏறக்குறைய கடைசி ஆள், டைமர் சேதி தவிர மற்றதெல்லாம் தீர்ந்த பிறகுதான் அதற்கு முறை வரும். அப்டேட்விண்டோ வரிசையை ஒதுக்கிவிட்டு நேராகப் போய் "இப்போதே வரை" என்று சொல்கிறது. அவ்வளவுதான் விஷயம், இது எனக்கு விளங்கப் பல வருஷம் ஆனது.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் இன்னும் பராமரிக்கிற அந்தப் பழைய பில்லிங் புரோகிராம் தெரியுமல்லவா, போன மாதம் ஒரு ஜவுளிக்கடைக்காரர் காலை ஒன்பது மணிக்கே போன் போட்டார். "தம்பி, கீழே டாஸ்க்பாரில் படம் இருக்கு, மேலே ஒண்ணுமே வரலை." புரோகிராம் நடந்ததைக் குறித்து வைக்கிற லாகை நான் திறந்தால் "விண்டோ காட்ட முடியவில்லை" என்று எழுதியிருக்கிறது. அரை நாள் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். பிறகுதான் தெரிந்தது, அந்த வரி என் மடத்தனம். ஷோவிண்டோ பூஜ்யம் திருப்பினால் தோல்வி என்று நானே எந்தக் காலத்திலோ எழுதி வைத்திருக்கிறேன். அது சொல்வதோ, இந்த அழைப்புக்கு முன்னால் விண்டோ மறைந்திருந்ததா தெரிந்ததா என்பதை மட்டும். புதிதாக உண்டாக்கிய விண்டோ மறைந்துதானே இருக்கும்? ஆக எல்லாக் கடையிலும் தினமும் காலையில் அந்த வரி விழுந்துகொண்டே இருந்திருக்கிறது!

விண்டோ தெரிகிறதா என்று சொல்கிற இஸ்விண்டோவிசிபிளைக் கேட்டேன், ஆமாம், தெரிகிறது என்றது. அப்போதுதான் சந்தேகம் தட்டி, சேமித்து வைத்த இடத்தைப் பார்த்தேன். இடப்பக்கம் -32000, மேலே -32000. மினிமைஸ் ஆன விண்டோவை விண்டோஸ் கொண்டுபோய் வைக்கிற இடம் அது. முந்தின நாள் ராத்திரி அவர் பில்லிங்கை மினிமைஸ் செய்துவிட்டு, டாஸ்க்பாரில் வலது கிளிக் போட்டு அப்படியே மூடியிருக்கிறார். என் புரோகிராம் மூடும்போது கெட்விண்டோரெக்ட் கொடுத்த இடத்தை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு, காலையில் பத்திரமாக அதே இடத்தில் விண்டோவைத் திறந்திருக்கிறது. ஷோவிண்டோ தன் வேலையைச் சரியாகவே செய்தது, திரைக்கு வெளியே செய்தது, அவ்வளவுதான்.

போனிலேயே ஒரு வழி சொன்னேன், டாஸ்க்பார் படத்தைக் கிளிக் செய்து, ஆல்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி, எக்ஸ். மேக்ஸிமைஸ் ஆகித் திரை முழுக்க வந்து நின்றது. அப்புறம் புரோகிராம் வரிகளையும் திருத்தினேன், கெட்விண்டோபிளேஸ்மென்ட்டில் சாதாரண நிலையின் இடம் தனியாக இருக்கிறது, அதைத்தான் சேமிக்க வேண்டும், திரும்ப வைக்க செட்விண்டோபிளேஸ்மென்ட். முழுக்கத் திரைக்கு வெளியே போகிற இடமாக இருந்தால் அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒன்று கவனி, கூடவே வருகிற, விண்டோவை எந்த நிலையில் காட்டுவது என்கிற ஷோகமாண்ட் எண் 2 என்று இருந்தால் மினிமைஸ் என்று அர்த்தம், அதை 1 ஆக்காமல் கொடுத்தால் காலையில் மறுபடி கீழேயே போய் உட்காரும். நான் அதையும் முதல் தடவை மறந்தேன், கடைக்காரர் இரண்டாவது போன் போட்டார்.

காசு வேண்டாம் என்றேன், கேட்கவில்லை, ஒரு வேட்டி அனுப்பியிருக்கிறார். நாலு முழம்தான், கரை நன்றாக இருக்கிறது. தை பிறந்ததும் ஊருக்கு வருவாயா? டிக்கெட் போட்டதும் ஒரு வரி எழுது. மகளிடம் மெயின்லூப் விஷயத்தைச் சொல்லிவிடு, அப்படியும் நிற்கவில்லை என்றால் புரோகிராமை அனுப்பச் சொல்.

உன்
பங்காளி