பாட்டியின் குரலைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு வா

அன்புள்ள பாப்பாவுக்கு,

பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவில் நீ ஆய்வு செய்யும் வட்லோங்கோஸ் மொழியில் தேங்காய்க்கு 'என்' மாறுவதை நேற்று போனில் சொன்னாயே, அதை அப்பாவிடமும் சொன்னேன். ராத்திரி வெகுநேரம் அதையே பேசிக்கொண்டிருந்தோம். அதே தேங்காய்தான், தின்பதற்கு என்றால் 'என்' என்பதற்கு ஒரு சொல், குடிப்பதற்கு என்றால் வேறு சொல். நமக்கு இளநீர், தேங்காய் என்று பெயர் மாறுகிறது. அவர்களுக்கு 'என்' மாறுகிறது. நம் இலக்கணத்தில் தேங்காய் எப்போதும் அஃறிணைதான். அங்கே, அதை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன் என்பதைப் பொறுத்து வகை மாறுகிறது. அம்மா, அப்பா போன்ற உறவுகளுக்குத் தனிச் சொல் வேண்டாம், 'என்' அந்தப் பெயரோடேயே ஒட்டிக்கொள்ளும் என்றாயே, அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் வேறொன்று மனதைக் குடைகிறது. உன் ஆய்வுக்காகப் படங்களை வகை பிரித்து வைக்கச் சொன்னபோது அந்த ஊர்ப் பாட்டி ஒருவர், "இதெல்லாம் உனக்கு எதற்கு?" என்று கேட்டாராமே. நீ என்ன பதில் சொன்னாய்?

எனக்குப் பத்து வயதிருக்கும்போது டேப் ரிக்கார்டரோடு ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தார். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது என்பார்கள். அவர் கேட்டாரே என்று என் அம்மாச்சி களத்துமேட்டில் போய் உட்கார்ந்து பாடினாள். கேசட் அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனவர்தான். சாகும்வரை தபால்காரரிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் குரல் இன்று எங்களிடம் இல்லை.

வனுவாட்டுவில் 1985 முதல் 1994 வரை வெளிநாட்டு ஆய்வாளர்களையே நிறுத்தி வைத்தார்கள் என்று நீதான் சொன்னாய். எடுத்துப் போகிறவர்கள் ஊருக்கும் ஏதாவது விட்டுப்போக வேண்டும் என்று அவர்களுடைய பண்பாட்டு மையம் கேட்பது நியாயம்தானே. அதற்கான ஒப்பந்தத்தில் நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய், சரி. அது காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது.

நீ ஆய்வு செய்யும் மெலே மாட் ஊர் மக்கள் எரிமலைக்குத் தப்பி அம்ப்ரிம் தீவை விட்டு வந்தவர்கள். ஊரை விட்டு வந்தும் வட்லோங்கோஸ் பேச்சை விடவில்லை. ஆனால் தலைநகர் போர்ட் விலா பக்கத்திலேயே இருக்கிறது, பிள்ளைகள் வாயில் நாட்டின் பொதுமொழியான பிஸ்லாமா எளிதாக வரும். பிஸ்லாமாவைப் போல எல்லாவற்றுக்கும் ஒரே 'என்' போதும் என்று அவர்கள் பழகிவிட்டால், உன் ஆய்வேடு எந்த நூலகத்தில் இருந்து என்ன பயன்? அங்குள்ள ஃபில்வோக்காக்களை, அதாவது பண்பாட்டு மையத்துக்காக ஊரில் வேலை செய்யும் உள்ளூர்த் தொண்டர்களைக் கேள், அவர்களுக்கு எது வேண்டுமோ அதை முதலில் செய். பாட்டிகள் சொல்லும் கதைகளைப் படம் போட்ட சின்னப் புத்தகமாக்கலாம். ரிக்கார்டரை அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் கையில் கொடு. எந்தக் கதையை வெளியே சொல்லலாம், எது கூடாது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். இதனால் உன் படிப்பு ஆறு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, பணத்தை அப்பா பார்த்துக்கொள்வார்.

முதலில் அந்தப் பாட்டியின் பேரன் போனில் அவர் பேசியதை ஏற்றிக் கொடு. கேட்டுவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா