பக்கத்துப் படகில் இருந்த அண்ணாவுக்கு

எங்கள் படகின் டேங்கில் பாதி பெட்ரோல் இருந்தது. ஆனாலும் பெட்ரோல் மீட்டரின் முள் காலியிலேயே கிடந்தது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்ப மனசு வரவில்லை. சரி, புது மீட்டர்தான் வாங்க வேண்டும் என்று முடிவே செய்துவிட்டேன்.

நான் கூப்பிடவே இல்லை, நீங்களாக மல்டிமீட்டரோடு (மின் இணைப்பு, மின்தடை அளக்கும் கருவி) வந்தீர்கள். மீட்டருக்குப் பின்னால், டேங்கில் பெட்ரோல் அளவை அறியும் சென்சாரிலிருந்து வரும் வயரைக் கழற்றி, மீட்டரின் அந்த முனையை எர்த்தோடு இணைத்தீர்கள். முள் சட்டென்று முழு அளவுக்கு ஏறியது. "மீட்டர் நல்லா இருக்கு, வாங்காதீங்க" என்றீர்கள். டேங்க் காலி என்றால் 240 ஓம் மின்தடை, நிறைந்தால் 33 ஓம் காட்டும் வகை சென்சார் அது. பாதி டேங்குக்கு 100 அருகில் வர வேண்டுமாம். கழற்றிய வயரை அளந்தால் இணைப்பே இல்லை.

அப்புறம் நீங்கள் அவசரப்படவில்லை, அதுதான் மனதில் நிற்கிறது. பேட்டரியை அணைத்து, பெட்ரோல் ஆவி வெளியேறும்வரை டேங்க் இருக்கும் அறையின் மூடியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் டேங்க் பக்கம் கை வைத்தீர்கள். சென்சாரின் எர்த் வயரில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து, புது முனை போட்டு இறுக்கினீர்கள். பேட்டரியைப் போட்டதும் முள் பாதியில் வந்து நின்றது.

பெயர் கேட்பதற்குள் போய்விட்டீர்கள். ரொம்ப நன்றி அண்ணா. இது கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை எழுதுங்கள்.