களைக்கொல்லிக் கரைசலில் உப்பு எதற்கு? இயற்கை உழவர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இயற்கை உழவர் குழுத் தோழர்களுக்கு,

வணக்கம். நம் கூட்டங்களில் கைமாறிக் கைமாறி வரும் அந்த 'இயற்கைக் களைக்கொல்லி'க் குறிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். சுண்ணாம்புத் தெளிநீர், கோமியம், எலுமிச்சம்பழம், வேப்பெண்ணெய், அப்புறம் 4 கிலோ கல்லுப்பு. ஆளுக்கு ஆள் அளவு மாறினாலும், உப்பை யாரும் விடுவதில்லை. 2022 அக்டோபரில் கிளைபோசேட் என்ற ரசாயனக் களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் மட்டுமே அடிக்கலாம் என்று மத்திய அரசு அறிவித்த பிறகு, இந்தக் குறிப்பைக் கேட்டு வருகிறவர்களும் கூடிவிட்டார்கள்.

நானும் அடித்தவன்தான். தென்னைக்கு ஓரமாக இருந்த துண்டு நிலத்தில் இரண்டு டேங்க் அடித்தேன். சாரணைக் களை இரண்டே நாளில் கருகியது. எனக்கு ஒரே பெருமை. அடுத்த பட்டத்தில் அங்கே போட்ட தட்டைப்பயறு முளைத்து, இலையோரம் தீய்ந்து, வளராமல் அப்படியே நின்றது. கோரை மட்டும் ஜம்மென்று வந்தது!

4 கிலோ உப்பில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ சோடியம் இருக்கிறது. அது மட்காது, ஆவியாகாது. மண்ணின் கட்டமைப்பைக் குலைத்து, தண்ணீர் கீழே இறங்காமல் இறுக்கிவிடும். களர் நிலத்திலிருந்து சோடியத்தை வெளியேற்றத்தான் காசு கொடுத்து ஜிப்சம் வாங்கிப் போடுகிறோம். நல்ல நிலத்தில் அதே சோடியத்தை நாமே கொண்டுபோய்க் கொட்டலாமா?

இன்னொன்று. சுண்ணாம்பு காரம், எலுமிச்சை அமிலம். இரண்டையும் ஒரே டிரம்மில் ஊற்றினால் ஒன்று மற்றதன் வீரியத்தை முறித்துவிடும். கடைசியில் களையைக் கருக்குவது பெரும்பாலும் உப்புதான். சுண்ணாம்பும் எலுமிச்சையும் சடங்குக்குத்தான்.

அமிலம் தனியாக வேலை செய்யும் என்பது உண்மை. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம் இலையின் செல் சவ்வைச் சிதைக்கிறது. உள்ளே இருக்கும் நீர் கசிந்து, நல்ல வெயிலில் சில மணி நேரத்தில் இலை சுருண்டுவிடும். மண்ணில் விழுந்ததை நுண்ணுயிர்கள் சீக்கிரமே தின்று தீர்த்துவிடும். அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2002-ல் வெளியிட்ட சோதனையில், 5 முதல் 10 சதவீத வினிகரே முளைத்து இரண்டு வாரத்துக்குள் இருந்த களைகளைக் கொன்றது. வளர்ந்த களைக்கு இன்னும் அடர்த்தி வேண்டியிருந்தது. நம் மளிகைக் கடை வினிகர் 4 சதவீத அளவுதான், அதனால் தண்ணீர் கலக்காமல், இரண்டு இலைப் பருவத்திலேயே அடித்துவிட வேண்டும்.

சேம்பிலையில் தண்ணீர் உருண்டோடுவதைப் பார்த்திருப்பீர்கள். பல களைகளின் இலையிலும் மெழுகுப் பூச்சு உண்டு. கரைசல் பரவி ஒட்டினால்தான் பலன். வேப்பெண்ணெய்க்குக் கலப்பதுபோல வினிகரிலும் காதி சோப்பைக் கலந்தேன். பால் திரிந்ததுபோல் திரிந்து தெளிப்பானின் நாசிலை அடைத்துக்கொண்டது. அமிலம் சோப்பை உடைத்துக் கொழுப்பாக்கிவிடும் என்பது அப்புறம்தான் புரிந்தது. பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டிய நீர் அப்படித் திரிவதில்லை. அதன் நுரைக்குக் காரணமான சபோனின் வேறு வகைப் பொருள்.

வினிகருக்கும் எல்லை உண்டு. பட்ட இலையைத்தான் கருக்கும், வேருக்கு இறங்காது. கோரைக்கிழங்கும் அறுகும் திரும்பத் தழைக்கும். பயிரில் பட்டால் பயிரும் போச்சு. ஏக்கர் கணக்கில் அடிக்கக் கட்டுப்படியாகாது. வரப்பு, நடைபாதை, விதைப்புக்கு முன் முளைத்த களை, இவ்வளவுதான். மற்ற இடத்துக்கு, மண்ணை இலைதழையால் மூடிவைக்கும் மூடாக்கும் களைக்கொத்தும்தான்.

வீரியம் போதவில்லை என்று அடர் அசிட்டிக் அமிலத்தைக் கேனில் வாங்கி வைக்கும் யோசனையும் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். 10 சதவீதத்தைத் தாண்டினாலே தோல் எரியும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ரப்பர் ஷீட்டுக்குப் பார்மிக் அமிலம் ஊற்றும் குமரி மாவட்டத்துக்காரர்களைக் கேட்டால் அமிலத்தின் குணத்தைச் சொல்வார்கள்.

உங்களிடம் கேட்பது இதுதான்: குறிப்பிலிருந்து உப்பையும் சுண்ணாம்பையும் எடுத்துவிடுங்கள். எந்தக் களைக்கு ஆகும், எதற்கு ஆகாது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். ஆடிப் பட்டத்துக்கு முன் என் நிலத்தில் ஒரு சென்ட் ஒதுக்கி வைக்கிறேன். பழைய கரைசலை ஒரு பாதியிலும் வினிகரை மறு பாதியிலும் அடித்து, பிறகு இரண்டிலும் தட்டைப்பயறு போட்டுப் பார்ப்போம். பூந்திக்கொட்டையை நான் ஊறவைக்கிறேன். வினிகர் உங்கள் பொறுப்பு.

அன்புடன்,
உங்களில் ஒருவன்