பல்லவன் ஏறுவதற்கு முன்

அன்புள்ள வள்ளி,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை, திட்டுவதை நேரில் வந்து திட்டு. ஆத்தா நன்றாக இருக்கிறார்கள். அப்பச்சிக்கு முழங்கால் வலிதான் கூடிக்கொண்டே போகிறது. சீப்புச் சீடை ஒரு தூக்கு உனக்கு எடுத்து வைத்திருக்கிறது, சிங்கப்பூர் வருகிறவர்கள் கிடைத்தால் கொடுத்துவிடுகிறேன். போன தடவை மாதிரி பொடியாக வராது, சத்தியம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கண்டனூர் வீட்டில், வளவில் ஆத்தங்குடிக் கல்லில் உட்கார்ந்து எழுதுகிறேன். விடியுமுன் காரைக்குடி போய்ப் பல்லவன் ரயில் ஏறவேண்டும், நாளை மறுநாள் ஆபீஸ். போகவே மனசு வரவில்லை.

என் ஆபீஸைப் பற்றி உன்னிடம் நல்லதாகவே சொல்லியிருக்கிறேன், அதில் பொய் இல்லை. மூன்று வேளைச் சாப்பாடு, வாசல் வரை கேப், ஆத்தா அப்பச்சிக்கும் சேர்த்து இன்சூரன்ஸ். அப்பச்சி கண் ஆபரேஷனுக்கு நாங்கள் ஒரு ரூபாய் கட்டவில்லை, அதை மறக்கமாட்டேன். ஆனால் எங்கள் மாடியில் மசாஜ் நாற்காலி ஒன்று இருக்கிறது. வாங்கிப் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, கைப்பிடியில் சுற்றி வந்த பிளாஸ்டிக்கை இன்னும் யாரும் பிரிக்கவில்லை. நேர் எதிரே மேனேஜரின் கண்ணாடி அறை. அதில் போய் உட்கார்ந்தால் அடுத்த மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் "உனக்கு வேலை கம்மி போல" என்பார். லீவு கேட்டாலும் அதே பேச்சுத்தான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இப்போது நானே ஒன்று செய்துவிட்டேன்.

என் டீமில் எட்டுப் பேர். எட்டுப் பேரும் நன்றாக உழைத்திருந்தாலும் ஒருவரைக் கடைசி ரேட்டிங்கில் தள்ளியே ஆகவேண்டும், பெல் கர்வ் என்பார்கள், உனக்குத் தெரியாததா. யாரைப் போடுவது என்று நான் திணறியபோது மேனேஜர் சொன்னார், "பிரசவத்துக்குப் போயிட்டு வந்தாளே, அவளைப் போடு. ஆறு மாசம் ஆளே இல்லை, யாரும் கேட்கமாட்டாங்க." 2017-ல் சட்டத்தைத் திருத்தி 26 வாரம் லீவு என்று வந்தபோது நீயும் நானும் எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றதும் அந்தத் திருத்தம்தான். எங்களிடம் காப்பகமும் இருக்கிறது, சுவரெல்லாம் யானையும் மயிலும். அங்கே குழந்தையை விட்டுவிட்டு வந்து, இருந்த மாதங்களில் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே செய்தாள் அவள்.

போட்டேன் வள்ளி. "இந்த ஆண்டு பங்களிப்பு குறைவு" என்று காரணமும் என் கையாலேயே அடித்தேன். அவளுக்கு இன்கிரிமென்ட் இல்லை. மறுநாள் என் மேஜைக்கு வந்து மெதுவாக, "எதுல குறைஞ்சேன்னு சொன்னீங்கன்னா சரி பண்ணிக்கிறேன் அக்கா" என்றாள். கழுத்தில் ஐடி கார்டு கயிறு, குழந்தை சப்பிச் சப்பி அதன் நுனி வெளுத்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், வாயே வரவில்லை.

இங்கே வந்ததும் ஆத்தா கேட்ட முதல் கேள்வி, "ஆபீஸ்ல நல்லாச் சாப்பாடு போடுறாகளாத்தா?" ஆமாம் என்றேன்.

ரேட்டிங்கைத் திருத்த வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. யார் சொல்லிப் போட்டேன் என்பதையும் மறைக்காமல் எச்ஆருக்கு எழுதப்போகிறேன். அதற்கப்புறம் என்னை அங்கே வைத்திருப்பார்களா தெரியாது. பயம் எனக்காக இல்லை, அப்பச்சியின் முழங்காலுக்காக. வேலை போனால் இந்த இன்சூரன்ஸும் போகும், புதிதாகத் தனியாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருஷம்வரை காக்கவைக்கலாம். ஆபீஸ் பாலிசியிலிருந்து அதே கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி உண்டு, ராத்திரியெல்லாம் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

எழுதலாமா வேண்டாமா என்று உன்னைக் கேட்கவில்லை, அதை முடிவு பண்ணிவிட்டேன். எழுதியதை உனக்கு அனுப்புகிறேன், புதன்கிழமைக்குள் படித்துவிட்டுப் போன் பண்ணு. எங்காவது என் தப்பை நான் குறைத்து எழுதியிருந்தால், அந்த வரியைச் சொல்லு.

உன்,
உமையாள்