பன்னிய சுடணும்னா சரியான துப்பாக்கியால சுடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

சாயல்குடி பக்கம் கடலோர கிராமத்துல இருந்து எழுதுறேன். பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆகி வந்து கடலையும் மொளகாயும் போட்டுட்டு இருக்கேன், ராத்திரி ஆனா சீமக்கருவேலக்குள்ள இருந்து காட்டுப்பன்னிக்கூட்டம் வந்து கொல்லையவே உழுது போட்டுட்டு போயிருது. அதனால எங்க ஊர்ல எல்லாரும் விவசாயி கையில துப்பாக்கி குடுங்கன்னுதான் பேசுறாங்க. ஆனா எந்த துப்பாக்கின்னு ஒருத்தரும் கேக்கல, அதுதான் எனக்கு பயமா இருக்கு.

போன வருஷம் யாரோ நாட்டுத் துப்பாக்கியில பால்ரஸ்ங்கற சின்ன இரும்புக் குண்டு போட்டு சுட்டு, பன்னி சாகாம ஓடி, மூணாம் நாள் வெறகு பொறுக்கப் போன எங்க சித்திய தொடையில கிழிச்சிருச்சு. பன்னிக்கு தோள்பட்டையில தோல் அவ்வளவு தடிமன், சின்ன குண்டு உள்ள எறங்காது. வேட்டைக்கு அனுமதி இருக்கற நாடுகள்ல முயலுக்கும் அணிலுக்கும்தான் .22 ரைபிள் எடுப்பாங்க (இந்த நம்பர் எல்லாம் குண்டோட தடிமன், அங்குலக் கணக்குல), அதோட குண்டு மூணு கிராம் கூட இருக்காது, அடிக்கற சக்தியும் பெரும்பாலும் 200 ஜூலுக்குள்ளதான். மான், பன்னின்னு வந்துட்டா .30-06 மாதிரி ரைபிள், அது 3500 ஜூலுக்கும் மேல. காட்டெருமை மாதிரி பெருசுக்கு .375. இங்க .303 பட்டாளத்துக்குன்னு உள்ள குழல் அளவுங்கறதால பொதுமக்களுக்கு லைசென்ஸ்ல கெடைக்காது, .315தான் கெடைக்கும், 8 மில்லிமீட்டர், பன்னிக்கு அது தாராளமா போதும். 12 போர்ங்கற ரவைத் துப்பாக்கியில பெரிய ரவை போட்டாலும் விழும், ஆனா 30, 40 மீட்டருக்குள்ள நிக்கணும், அதுக்கு மேல போனா ரவை சிதறி காயம்தான் படும்.

இன்னொன்னு, நம்ம ஊரு மேடு மலை இல்லாத பொட்டல். .22 குண்டே தப்பிச்சா ஒண்ணரை கிலோமீட்டர் வரைக்கும் போகும், பெரிய ரைபிள் குண்டு அதுக்கும் மேல ரொம்ப தூரம் போகும். பனங்காட்டுக்கு அந்தப் பக்கம் குடிசை இருக்கும், வலை காயப்போட்டு ஆளு உக்காந்திருக்கும். அதனால தரையில நின்னு சுடவே கூடாது, காவலுக்கு கட்டி வச்சிருக்கோமே பரண், அதுல ஏறி கீழ் நோக்கி சுட்டா தப்பின குண்டு மண்ணுக்குள்ள போயிரும்.

காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால வர்ற பன்னிய வனத்துறை ஆளுங்களே சுடலாம்னு 2025 ஜனவரில அரசு சொல்லியாச்சு. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி நாமளா சுட்டா குத்தம், அது அப்படியே இருக்கட்டும். நான் கேக்கறது, சுட வர்ற ஆளுக்கு .315 மாதிரி ரைபிளும் குறி பழக நேரமும் குடுங்க, எங்க பரணையும் பயன்படுத்திக்கங்க, புரட்டாசி விதைப்புக்கு முன்னாடியே வாங்க. பழத்துக்குள்ள நாட்டு வெடி வைக்கிறவங்கள இப்பவே நிறுத்துங்க, வாய் கிழிஞ்சு நாள்கணக்கா கத்திக்கிட்டு கெடந்த ஒரு பன்னிய நான் கண்ணால பாத்தேன், ஆடு மாடு கூட அந்த வெடிப்பழத்த கடிச்சிரலாம்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ராணுவ வீரர், சாயல்குடி வட்டாரம்