இட்டேரியில் ஒரு பக்க வேலியையாவது விட்டு வையுங்கள்

கொங்கு நாட்டு ஊராட்சி மன்றத் தலைவர்களுக்கும், கிராமச் சாலைகளுக்குத் திட்டம் போடும் அதிகாரிகளுக்கும் வணக்கமுங்க.

இட்டேரி என்றால் தோட்டங்களுக்கு நடுவே, இரண்டு பக்கமும் செடிகொடி வளர்ந்த உயிர்வேலியோடு போகும் வண்டித்தடம். அங்கே தார் ரோடு வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. பால் வண்டி வர வேண்டும், பள்ளிக்கூட வேன் வர வேண்டும், ராத்திரியில் நெஞ்சுவலி என்றால் ஆம்புலன்ஸ் தோட்டத்துச் சாளை வீடு வரைக்கும் வர வேண்டும், எல்லாம் சரி. ஆனால் ரோடு போடுகிறோம் என்று ஜேசிபியைக் கொண்டுவந்து இட்டேரியின் இரண்டு பக்க வேலியையும் வேரோடு வழித்துப் போடுகிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

நீங்கள் புதர் என்று கணக்கெழுதுவதில் கிளுவை இருக்கிறது, சங்கஞ்செடி, கள்ளி, பிரண்டை, கோவைக்கொடி எல்லாம் இருக்கின்றன. நடுநடுவே நிற்கிற வேம்பை யாரும் நட்டதில்லை. காக்காயும் மைனாவும் பழத்தைத் தின்றுவிட்டு வேலி மேல் உட்கார்ந்து கொட்டையைப் போட்டன, முள்ளுக்குள் முளைத்ததால் வெள்ளாட்டு வாய்க்குத் தப்பி மரமாகிவிட்டது.

அந்த வேலியடியில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகச் சருகைப் புரட்டிப் பூச்சி பொறுக்கும். கவுதாரிக்கு விதையும் கரையானும். கரிச்சான் மேலே உட்கார்ந்து பறக்கிற பூச்சியைப் பிடிக்கும், இருட்டிவிட்டால் புள்ளி ஆந்தையின் முறை. தின்பதும் வேறு, நேரமும் வேறு, உயரமும் வேறு, அதனால்தான் நாலு முழ அகலத்தில் இத்தனை உயிர்கள் பிழைக்கின்றன. எல்லாம் ஒற்றுமையாக வாழ்கின்றன என்று கதைவிட மாட்டேன். சுடலைக்குயில் தன் முட்டையைத் தவிட்டுக்குருவிக் கூட்டில் வைத்துவிட்டு நடையைக் கட்டிவிடும், அது பாவம் தன் குஞ்சென்றே ஊட்டி வளர்க்கும். கீச்சான் குருவி தான் பிடித்த வெட்டுக்கிளியை முள்ளில் குத்தி வைத்துக் கிழித்துத் தின்னும். கரையான் கட்டிய புற்றில் பாம்பு குடியேறும், பாம்பு இருக்கிற இடத்துக்குக் கீரி வரும்.

இதில் எங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். வயலில் எலியைக் குறைப்பது சாரையும் கீரியும் ஆந்தையும்தான், அவை பகலிலோ ராத்திரியிலோ ஒதுங்கிக் கிடப்பது இந்த வேலியில். மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கை போட்டிருப்பவர்களுக்குப் பூ காய் பிடிக்கத் தேனீ வேண்டும். கொம்புத்தேனீ பெட்டியில் வாழாது, புதரில் ஒரு மெல்லிய கிளையில் ஒற்றை அடை கட்டி வாழும். கிளையை வெட்டிவிட்டு, பூ கொட்டுகிறது என்று மருந்துக்கடைக்கு ஓடுகிறோம். பூ கொட்ட வெயில், தண்ணீர் என்று வேறு காரணங்களும் உண்டுதான், இல்லையென்று சொல்லவில்லை.

அப்புறம் மயில். குறைதீர் கூட்டங்களில் மயில் தொல்லை பற்றிப் பேசாத விவசாயி இல்லை. மயில் தரையில்தான் முட்டை வைக்கும், அதைத் தின்ன நரியும் கீரியும் உடும்பும் இருந்தன. நரி போனதால் மட்டுமே மயில் பெருகியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முட்டை தின்பவை ஒதுங்குகிற இடத்தையெல்லாம் நாமே அழித்துவிட்டு மயிலைப் பற்றி மனு கொடுப்பதில் என்ன நியாயம்? கம்பிவேலியைத் தாண்டிக் கீரி ஓடும், அதில் தங்க முடியாது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அகலப்படுத்தும்போது ஒரு பக்கத்தை மட்டும் எடுங்கள், மறுபக்கத்தைத் தொடாதீர்கள். மிச்சமிருக்கும் வேலிக்குத் தீ வைப்பதையும் களைக்கொல்லி அடிப்பதையும் நிறுத்துங்கள். புற்றும் பெரிய மரமும் குறுக்கே வந்தால் ரோடு கொஞ்சம் வளையட்டும், இட்டேரி எந்தக் காலத்தில் நேராக இருந்தது? ஊரக வேலைத் திட்டத்து ஆட்களை வேலி வெட்ட மட்டும் அனுப்பாமல், எடுத்த பக்கத்தில் தள்ளி ஒரு வரிசை கிளுவைப் போத்து, அதாவது நட்டால் துளிர்க்கும் கிளைத்துண்டு, நடவும் அனுப்புங்கள். போத்துக்குக் காசு வேண்டியதில்லை, எங்கள் வேலியிலேயே வெட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தாராபுரம் பக்கத்துப் பண்ணையக்காரன் ஒருவன்